மொட்டை மாடியில் மீட்டர் கேஜ்

மதுரைப் பக்கம் மீட்டர் கேஜ் ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல சேதி. அந்தப் பாதை உலகின் பல வீட்டுத் தோட்டங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் மாதிரி ரயில்களைக் கொண்டுவந்தபோது, தண்டவாள அகலத்தை 45 மில்லிமீட்டர் என்று வைத்தது. அதை 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். மதுரை வண்டியூருக்குத் தெற்கே, சிலைமான் வழியாக 1902-இல் மண்டபம் வரை போட்ட பாதைக்கும், 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயிலின் பாதைக்கும் அதே ஒரு மீட்டர்தான். இரண்டும் இப்போது பிராட் கேஜ். நீராவியோடு மீட்டர் கேஜைப் பார்க்க நாம் மேட்டுப்பாளையம் போக வேண்டும்.

வீட்டில் நிரந்தரமாகப் பாதை போட இடமில்லாதவர்கள் கண்டுகொண்ட வழி மாட்யூல் முறை. ஒருவர் ஒரு பலகையில் வளைவு செய்வார், இன்னொருவர் பாலம் செய்வார். பலகைகளின் ஓரங்கள் மட்டும் ஒரே அளவில் இருக்கும். கூடும் நாளில் எல்லாவற்றையும் வரிசையாகப் பூட்டினால் நீண்ட பாதை தயார். ஆனால், நீராவி என்ஜின் மாதிரிகளுக்கு இந்தப் பூட்டுவாய்கள்தான் பெரிய சோதனை. காரணம் இயற்பியலில் இருக்கிறது.

நம் ஊரில் ஓடிய ஒய்.பி. வகை என்ஜின், டெண்டரோடு (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) சேர்த்து ஏறக்குறைய 100 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 22.5 மடங்கு சுருங்கினால் எடை 8.8 கிலோவாகும். 87 மடங்கு சுருக்கி 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடவிட்டால் வெறும் 150 கிராம். எடை குறைவதைவிட முக்கியமானது வேகம் குறைவது. நிஜ ரயில் நீராவியை மூடிய பிறகும் ஒரு கிலோமீட்டர் உருள்கிறது என்று வைத்துக்கொள்வோம். உருளும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே விகித வேகத்தில் போகும் மாதிரி, முதல் அளவில் 2 மீட்டரும் இரண்டாவது அளவில் 13 சென்டிமீட்டரும்தான் உருளும். அச்சுகளின் உராய்வையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

நிஜ ரயில் ஜாயிண்டில் ஒரு 'தடக்' சத்தத்தோடு போய்விடும். பின்னாலிருக்கும் உந்தம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். சின்ன என்ஜினுக்கு அந்தத் துணை கிடையாது. ஒரு பலகை அரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் போதும். விறைப்பான சட்டத்தில் வரிசையாகப் பூட்டிய சக்கரங்களில் ஒன்று தூக்கிக்கொள்ளும், தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரம் அறுபடும், என்ஜின் அங்கேயே நிற்கும். டீசல் மாதிரிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றின் போகிகள் (சக்கரத் தொகுதிகள்) மேடுபள்ளத்துக்கேற்பத் திரும்பும், எல்லாச் சக்கரமும் இழுக்கும். நீராவி மாதிரியில் முன்சக்கரங்களும் டெண்டரும் எடையை வாங்கிக்கொள்ளும், இழுக்க உதவாது. தேர்ந்தவர்கள் சட்டத்துக்குள் ஈயம் வைக்கிறார்கள், டெண்டர் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள், ஒரு நொடி தாக்குப்பிடிக்கக் கெப்பாசிட்டர் வைக்கிறார்கள். எல்லாவற்றையும்விட நல்லது, சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்படி சமன் தண்டு பொருத்துவது. நிஜ என்ஜின்களிலும் இருந்த ஏற்பாடுதான் அது.

வளைவுகளும் கொடுமையானவை. இந்திய மீட்டர் கேஜ் அனுமதித்த மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 109 மீட்டர். 22.5-ஆல் வகுத்தால் 4.8 மீட்டர். எல்.ஜி.பி.யின் மிகச் சிறிய வளைவு 60 சென்டிமீட்டர், அதாவது எட்டு மடங்கு கூர்மை. நீண்ட சட்டமுள்ள ஒய்.பி. போன்ற என்ஜின் அதில் திணறும்.

இனி நிஜமாகவே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓடும் மாதிரிகள். பாய்லர் சுருங்கும்போது கொள்ளளவு கனத்திலும், மேற்பரப்பு வர்க்கத்திலும் குறைகின்றன. ஆகவே ஒரு சொட்டுத் தண்ணீருக்கு வெப்பம் தப்பும் பரப்பு 22.5 மடங்கு அதிகம். குளிர்நாடுகளில் நீராவி சிலிண்டருக்குள்ளேயே தண்ணீராகிவிடும். இங்கேதான் மதுரை வெயில் கைகொடுக்கிறது. 3 பார் அழுத்தத்தில் பாய்லர் 143 டிகிரியில் இருக்கும். வெளியே 10 டிகிரி இருக்கும் ஊரோடு ஒப்பிட்டால், 38 டிகிரியில் வெப்ப இழப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புகைபோக்கியிலிருந்து வெண்புகை அழகாக எழும்பாது என்பது மட்டும் எனக்கு வருத்தம். அதற்குக் குளிர்ந்த, ஈரமான காற்று வேண்டும். எரிபொருளில் கவனம் தேவை. பியூட்டேன் தொட்டியின் உள்ளழுத்தம் 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் இரண்டு மடங்கை நெருங்கும். நிழலில்தான் நிரப்ப வேண்டும், பர்னரையும் குறைத்துவைக்க வேண்டும். தண்ணீரிலுள்ள உப்பு பாய்லரில் படிந்துவிடும் என்பதால் பிடித்துவைத்த மழைநீர் நல்லது.

மொட்டை மாடியில் காலை 25 டிகிரியில் இருக்கும் பித்தளைத் தண்டவாளம் வெயிலில் 60 டிகிரியைத் தொட்டால், 10 மீட்டருக்கு 6.5 மில்லிமீட்டர் நீளும். ஒரே துண்டாகப் போட்டிருந்தால் வளைந்து புடைக்கும். ஒரு மீட்டர் பலகைகளாக இருந்தால் ஒவ்வொரு பூட்டுவாயும் முக்கால் மில்லிமீட்டருக்குள் அதை வாங்கிக்கொள்ளும். கரண்ட் தேவைப்படாத 45 மில்லிமீட்டர் நீராவி என்ஜினின் 6 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. வண்டியூர் மாடியில் போடுவதென்றால் அந்த என்ஜினைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பாதையை விடியற்காலையில் பூட்டுகிறவர்கள் இடைவெளி விட மறக்கக்கூடாது. உச்சி வெயிலில் பூட்டுகிறவர்கள் நெருக்கியே பூட்டலாம்.