இரத்தம் எடுத்தது எதற்கு?

மாஸ்கோ நகரில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் 1965-ம் ஆண்டு ஊழியர்களிடம் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். "வைரஸ்" கிருமி பற்றிய ஆராய்ச்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டது.

அது பொய்!

1953-ம் ஆண்டு முதலே அந்தக் கட்டிடத்தின் மீது கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று பாய்ந்து கொண்டிருந்தது. அதன் பெயர் "மைக்ரோவேவ்". ரேடியோ அலையின் தம்பி என்று சொல்லலாம். அதை அனுப்பியது ரஷியா. ஒட்டுக் கேட்கவா, அமெரிக்கர்களின் கருவிகளைக் கெடுக்கவா? இன்று வரை முடிவாகவில்லை.

வீட்டில் சாப்பாட்டைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதும் இதே அலைதான். ஆனால் தூதரகத்தில் விழுந்தது மிகவும் சொற்பம். ஒரு சதுர சென்டி மீட்டரில் 5 மைக்ரோவாட்; 1975-ல் 15. உடம்பில் சூடே தெரியாது.

அப்போது அமெரிக்காவில் 10 ஆயிரம் மைக்ரோவாட் வரை ஆபத்து இல்லை என்றார்கள். ரஷியாவிலோ நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு 10 மைக்ரோவாட்டுக்கு மேல் கூடாது! அலைக்கு அவ்வளவு பயந்த நாடுதான் அடுத்தவர் ஜன்னலுக்கு அதை அனுப்பியது. வேடிக்கைதான்.

வெள்ளை அணுக்கள்

ரகசியம் 1976-ம் ஆண்டு பிப்ரவரியில் உடைந்தது. தூதர் வால்டர் ஸ்டோசல் ஊழியர்களை அழைத்து விஷயத்தைச் சொன்னார். பிள்ளை குட்டிகளோடு அங்கே குடியிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஜன்னல்களில் அலுமினிய வலை அடிக்கப்பட்டது.

சிலருடைய இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அதிகமாக இருந்தன. நோய்க் கிருமியை எதிர்த்துப் போராடும் படை வீரர்கள் இந்த அணுக்கள். படை ஏன் பெருகியது? அலையினாலா? சாதாரணக் காய்ச்சலிலும் அது பெருகும். அதனால் டாக்டர்களால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆபிரகாம் லிலியன்பெல்டு இதை ஆராய்ந்தார். மாஸ்கோவில் வேலை பார்த்த 1,827 பேரையும், கிழக்கு ஐரோப்பாவின் மற்ற அமெரிக்கத் தூதரகங்களில் இருந்த 2,561 பேரையும் ஒப்பிட்டார். 1978-ல் முடிவு வந்தது. மாஸ்கோவில் இருந்தவர்கள் அதிகமாகச் சாகவில்லை. அலையினால் கெடுதல் நேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனாலும் எல்லோருக்கும் மனம் ஆறவில்லை. உடல்நலம் பற்றிய கேள்வித் தாளுக்குப் பலர் பதிலே அனுப்பவில்லை. முதலிலேயே பொய் சொன்னவர்கள், இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

உண்மையைச் சொன்ன தூதர் ஸ்டோசல் 1986-ல் இறந்தார். வெள்ளை அணுக்களைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய். அதற்கு அந்த அலைதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை.