ஏழேகாலை எப்படி எண்ணுவது?

பி.காம். படித்த எனக்கு எலெக்ட்ரானிக்ஸில் என்ன வேலை என்கிறீர்களா? விஷயம் முழுக்க வகுத்தல் கணக்கு சார்!

ஆர்டுயினோ, 2005-ல் இத்தாலியில் பிறந்த குட்டி போர்டு. அதில் ‘ஊனோ ஆர்3’ மாடலின் இதயம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கும். உள்ளே ஒரு டைமர் அதை எண்ணிக்கொண்டே இருக்கும். நாம் சொன்ன எண்ணிக்கை வந்ததும் 9-ம் பின்னை ஆன் பண்ணும். மறுபடி எண்ணி, ஆஃப்! 18,182 என்று சொன்னால் ஸ்பீக்கரில் 440 ஹெர்ட்ஸ் ‘கொய்ங்’. (நடுவில் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று அவசியம். பின் பாவம்!)

எண்ணிக்கை குறையக் குறைய சுருதி ஏறும். எட்டு என்றால் 10 லட்சம் ஹெர்ட்ஸ். ஏழு என்றால் ஒரே தாவலில் சுமார் 11 லட்சத்து 43 ஆயிரம்! மீடியம் வேவ் ரேடியோ ரிப்பேருக்கு 11 லட்சம் கேட்டால், ‘சில்லறை இல்லை’ என்று கையை விரித்துவிடும். ஏழேகாலை எப்படி எண்ணும், பாவம்?

அதற்கென்றே ‘ஏடி9833’ என்று ஒரு சிப் இருக்கிறது. மிச்சத்தைத் தள்ளுபடி செய்யாமல் அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகும். அதனால் 0.1 ஹெர்ட்ஸ் வரை சில்லறை கிடைக்கும். நம்ம லெட்ஜரில் ‘பேலன்ஸ் கேரீட் ஃபார்வர்ட்’ போடுகிறோமே, அதேதான்!

பாட்டுக்கு போர்டே போதும். ரேடியோவுக்கு இந்தச் சிப்பையும் சேர்த்து வாங்குங்கள்.