நீர்நிலை ஓரக் காட்டு விடுதிகள்

காட்டு விலங்குகள் நீர் அருந்த வரும் குட்டை, குளம், ஏரி அல்லது ஆற்றுத்துறைக்கு அருகே, அவற்றைப் பார்ப்பதற்கென அமைக்கப்படும் தங்குமிடங்கள் நீர்நிலை ஓரக் காட்டு விடுதிகள் எனப்படும். கூடார முகாம், மரத்தின் மேல் கட்டிய பரண் வீடு, வனத்துறை ஓய்வு இல்லம், தனியார் சொகுசு விடுதி எனப் பல வடிவங்களில் இவை உள்ளன. வண்டியில் ஏறி விலங்குகளைத் தேடிச் செல்லும் சஃபாரியில் இருந்து இம்முறை வேறுபட்டது. இங்கு மனிதர் ஓரிடத்தில் காத்திருக்கிறார். விலங்கு நீரைத் தேடி அங்கே வருகிறது. கோடையில் விலங்குக்கு அந்த நீரை விட்டால் வேறு போக்கிடம் இருப்பதில்லை. இத்தகைய விடுதிகள் பயணிகளை ஈர்ப்பதற்கும், இவற்றைச் சுற்றி வழக்குகள் எழுவதற்கும் இதுவே அடிப்படைக் காரணம்.

நீரும் விலங்குகளும்

மழைக்காலத்தில் காடெங்கும் சிறு குட்டைகளிலும் ஓடைகளிலும் நீர் கிடைக்கும். பசும்புல்லிலும் ஈரம் இருக்கும். எனவே விலங்குகள் பரவலாகத் திரியும். கோடையில் சிறு நீர்நிலைகள் வற்றியதும், எஞ்சிய சில இடங்களைச் சுற்றி அவை கூடுகின்றன. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் நீர் தேவைப்படும். குட்டிகளுடன் செல்லும் யானைக் கூட்டம் நீரில் இருந்து நெடுந்தொலைவு விலகிச் செல்ல முடியாது. புள்ளிமான், காட்டுமாடு போன்றவையும் அடிக்கடி நீர் அருந்த வேண்டியவை. புலி குடிப்பதற்காக மட்டுமன்றி, வெப்பம் தணியவும் நீரில் இறங்கி அமர்ந்திருக்கும்.

பொதுவாகப் பகலில் மயில், குரங்கு, மான் ஆகியவை நீருக்கு வரும். வெயில் தாழ்ந்ததும் காட்டுமாடு, கடமான், யானை ஆகியவற்றின் வருகை மிகும். இருட்டிய பிறகு சிறுத்தை, புலி, கரடி முதலியவற்றைக் காணும் வாய்ப்பு கூடும். நீர் அருந்தக் குனியும் நேரம் மானுக்கு ஆபத்தானது. அதனால் கரையை நெருங்கும் முன் அது நின்று மோந்து பார்க்கும். செவியைத் திருப்பிக் கேட்கும். அந்த நேரத்தில் எழும் பேச்சொலியோ, காற்றில் வரும் மனித வாடையோ போதும், அது நீர் அருந்தாமலே திரும்பிவிடக்கூடும்.

விலங்குகள் நீரிடத்தில் கூடுவது கணக்கெடுப்புக்கும் பயன்படுகிறது. தமிழ்நாட்டு யானைக் கணக்கெடுப்பில் பின்பற்றப்படும் முறைகளுள் நீர்நிலைகளில் காத்திருந்து எண்ணுவதும் ஒன்று. மகாராட்டிரத்தில் புத்த பூர்ணிமை நாளின் முழுநிலவொளியில் பரண் மீது இரவு முழுவதும் அமர்ந்து விலங்குகளை எண்ணும் வழக்கம் உள்ளது. இலங்கையில் 2011 ஆகஸ்டில் நீர்நிலைகளை மையமாகக் கொண்டு நடந்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் பதிவாயின.

தோற்றமும் பரவலும்

இவ்வகை விடுதிகளில் உலகப் புகழ் பெற்றது கென்யாவின் அபர்டேர் காட்டில் இருந்த ‘ட்ரீடாப்ஸ்’ ஆகும். எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்பவர் 1932இல் ஓர் அத்திமரத்தின் மேல் இரண்டு அறைகளுடன் இதை அமைத்தார். கீழே நீர்க்குட்டையும், விலங்குகள் உப்புக்காக மண்ணை நக்கும் இடமும் இருந்தன. 1952 பிப்ரவரி 5 அன்று இரவு இளவரசி எலிசபெத் இங்குத் தங்கியிருந்தபோது, அவருடைய தந்தை ஆறாம் ஜார்ஜ் மன்னர் இங்கிலாந்தில் காலமானார். இளவரசி அரசியானது இவ்வாறு ஒரு நீர்க்குட்டை ஓரத்தில் நிகழ்ந்தது. குமாவூன் காடுகளின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி எழுதிய ஜிம் கார்பெட்டும் அன்று அங்கு உடனிருந்தார். மவ் மவ் கிளர்ச்சியின்போது 1954இல் எரிக்கப்பட்ட இவ்விடுதி பின்னர் பெரிய அளவில் மீண்டும் கட்டப்பட்டது.

நமீபியாவின் எட்டோசா தேசியப் பூங்காவில் உள்ள ஒகாகுயோ முகாம் மற்றொரு எடுத்துக்காட்டு. அங்கு முகாமை ஒட்டியே நீர்க்குட்டை உள்ளது. தாழ்ந்த சுவர் ஒன்று இரண்டையும் பிரிக்கிறது. இரவில் விளக்கொளி படும் அக்குட்டைக்கு யானைகளும் கருப்புக் காண்டாமிருகங்களும் வருகின்றன.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்

தமிழ்நாட்டில் காட்டில் தங்கும் வழக்கம் வனத்துறை ஓய்வு இல்லங்களில் இருந்து வளர்ந்தது. 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட முதுமலையில் தெப்பக்காடு, கார்குடி, மசினகுடி, அபயாரண்யம் ஆகிய இடங்களில் வனத்துறைத் தங்குமிடங்கள் உள்ளன. கடற்கரை ஓரத்தில் உள்ள கோடியக்கரை சரணாலயத்தின் நிலை வேறு. வெளிமான்கள் வாழும் அங்கு நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால், கோடையில் வனத்துறை தொட்டிகளில் நன்னீர் நிரப்புகிறது.

இலங்கையின் வில்பத்து தேசியப் பூங்கா 1938இல் அமைக்கப்பட்டது. மழைநீர் தேங்கி நிற்கும் ‘வில்லு’ எனப்படும் இயற்கைப் பள்ளங்கள் அதன் சிறப்பு. பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் தங்குமிடங்கள் உள்ளன. போரின் காரணமாக 1988இல் மூடப்பட்ட பூங்கா 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது.

சீகூர் வழக்கு

நீலகிரி மலைச்சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையே அமைந்தது சீகூர் பீடபூமி. மழைமறைவுப் பகுதி என்பதால் கோடையில் இங்கு நீர்த்தட்டுப்பாடு கடுமையாகும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே சென்றுவரும் யானைகளுக்கு இது முக்கியமான வழி. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகிய ஊர்களைச் சுற்றித் தனியார் விடுதிகள் பெருகியபோது, யானைகள் நடந்துவந்த பாதையில் கட்டடங்களும் முள்கம்பி வேலிகளும் மின்வேலிகளும் குறுக்கிட்டன. நீருக்கும் மேய்ச்சலுக்கும் செல்லும் யானைகள் வேலியைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் புகும் நிலை உருவானது.

தமிழ்நாடு அரசு 2010 ஆகஸ்டில் சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்து அரசாணை வெளியிட்டது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தனர். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2018 ஆகஸ்டில் உரிய அனுமதியின்றி இயங்கிய விடுதிகளை மூடி முத்திரையிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று வழங்கிய தீர்ப்பில் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்து, நில உரிமையாளர்களின் தனிப்பட்ட முறையீடுகளை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது.

வழித்தடத்தின் எல்லை குறித்து உள்ளூர் மக்களிடம் மாற்றுக்கருத்துகள் உள்ளன. பழங்குடியினரின் குடியிருப்புகளும் நெடுங்காலமாக உழப்படும் வயல்களும் அதே நிலப்பரப்பில் அமைந்திருக்கின்றன. விடுதிகளில் வேலை செய்து பிழைப்பவர்களும் உண்டு. மறுபுறம், 2021 ஜனவரியில் மசினகுடியில் நடந்த நிகழ்வு விடுதிகள் மீதான அச்சத்தைக் கூட்டியது. தனியார் தங்குமிடம் ஒன்றின் அருகே வந்த ஆண் யானையை விரட்ட எரியும் பொருள் வீசப்பட்டது. காதில் தீக்காயமடைந்த யானை பின்னர் இறந்தது. இது தொடர்பாக இருவர் கைது செய்யப்பட்டனர்.

செயற்கை நீர்நிலைகளின் விளைவு

இயற்கை நீர்நிலை இல்லாத இடத்தில் ஆழ்துளைக் கிணறு அமைத்துக் குட்டையை உருவாக்கி, விலங்குகளை விடுதியின் முன்னே வரவழைக்கவும் முடியும். வறட்சியில் இது விலங்குகளுக்கு உதவியாகத் தோன்றினாலும் எல்லா இடத்திலும் நன்மை தருவதில்லை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் 20ஆம் நூற்றாண்டில் 300க்கும் மேற்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. வறண்ட வடபகுதியில் புதிதாக நீர் கிடைத்ததும் வரிக்குதிரைகள் அங்கே பெருகின. அவற்றைத் தொடர்ந்து சிங்கங்களும் வந்தன. அப்பகுதியில் வாழ்ந்த அரிய இனமான ரோன் மறிமான்கள் 1986இல் ஏறத்தாழ 450 ஆக இருந்து, 1993இல் ஏறத்தாழ 45 ஆகக் குறைந்தன. இதன்பின் பூங்கா நிர்வாகம் பல செயற்கை நீர்நிலைகளை மூடியது.

மேலும், விலங்குகள் ஒரே இடத்தில் நெடுநாள் கூடினால் சுற்றியுள்ள புல்லும் செடியும் மேய்ந்து அழியும், நோய்த்தொற்றும் எளிதாகும். முதுமலை உள்ளிட்ட காடுகளில் வனத்துறை கோடையில் லாரிகளில் நீர் கொண்டுவந்து தொட்டிகளை நிரப்புகிறது. பற்றாக்குறை மாதங்களைக் கடக்க உதவுவதற்கான இந்த ஏற்பாடும், பயணிகளின் பார்வைக்காக ஆண்டு முழுவதும் நீர் வைத்திருப்பதும் ஒன்றல்ல.

தங்குவோர் கவனிக்க வேண்டியவை

புலிகள் காப்பகங்களில் சுற்றுலாவை நெறிப்படுத்த, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உள்வட்டப் பகுதியில் அதிகபட்சம் 20 விழுக்காட்டில் மட்டுமே சுற்றுலாவை அனுமதிக்கலாம் என அவை வரையறுத்தன.

விடுதியைத் தேர்ந்தெடுப்பவர், அது உரிய அனுமதியுடன் இயங்குகிறதா, விலங்குகளின் நடைபாதைக்கு வேலி குறுக்கே நிற்கிறதா, உணவோ உப்போ வைத்து விலங்குகள் வரவழைக்கப்படுகின்றனவா என்று கேட்டறிவது நல்லது. தங்கும்போது நீர்க்கரைக்கு இறங்கிச் செல்லக் கூடாது. விலங்கின் மீது கைவிளக்கைப் பாய்ச்சுவது, மின்னொளியுடன் படம் எடுப்பது, இசை ஒலிக்கச் செய்வது, தீமூட்டி அதைச் சுற்றி அமர்வது, உணவு எறிவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நீரை நோக்கி வந்த யானைக் கூட்டம் தயங்கி நின்றால், பார்வையாளர் அமைதியாக உள்ளே சென்றுவிட்டால் அது கரைக்கு வந்து நீர் அருந்திச் செல்லும்.