சங்கக் கணிப்பொறியைத் தூசியினின்று காப்போம்

தறியில் படிந்த பஞ்சைத் துடைத்து வைப்பது நம் நெசவாளர் வழக்கம். சங்கக் கணிப்பொறிக்கும் அப்பராமரிப்பு வேண்டும். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2022-ல் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பேரேட்டு வேலை பொறிக்கு மாறிவருகிறது. அது நின்றால், பயிர்க்கடனுக்கு வந்த அங்கத்தினர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து வயற்புழுதியும் தறிக்கூடத்துப் பஞ்சும் பொறியினுட் புகுந்து, கடற்காற்றின் ஈரத்தால் விசிறியிலும், சூடு தணிக்கும் உலோகத் தகடுகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. காற்றோட்டம் தடைப்படவே, பொறி சூடேறி வேகம் குறையும். சிலவேளை தானே நின்றுவிடும்.

ஆதலின், முதலில் கோப்புகளுக்கு வேறொரு படி எடுத்துவைக்க வேண்டும். பின்னர்ப் பொறியை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, தாழ்வாரத்தில் வைத்து மூடியைத் திறக்கலாம். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை நீக்குக. காற்றால் ஊதும்போது விசிறி சுழலாதபடி பிடித்துக்கொள்க. ஈரத்துணி ஆகாது. உள்ளிருக்கும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கலாகாது. கம்பியைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை இதனைச் செய்யும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.