கத்தியின் கழுத்தில் ஒரு கையெழுத்து

பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்று கைக்கு வந்தால், பலரும் முதலில் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது அதன் கூர்மையை. விவரம் தெரிந்தவர்கள் கழுத்தைப் பார்ப்பார்கள். அலகு முடிந்து பிடிக்குள் நுழையும் முன்னுள்ள விரற்கடை அகல இரும்பு அது. கத்தியின் ஊரும் பேரும் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகியவை சவரக்கத்திக்குப் பேர்போன ஊர்கள். ஷெஃபீல்டில் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைந்த கத்திக் கொல்லர் சங்கம், எந்தக் குறி யாருக்குச் சொந்தம் என்று பதிவு செய்து காத்தது. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் 1682-இல் பதிவான குறி.

வயதையும் கழுத்தே சொல்லும். கிரீடத்தோடு 'டபிள்யூ ஆர்' இருந்தால் நான்காம் வில்லியம் காலம், 1830 முதல் 1837 வரை. 'வி ஆர்' என்றால் விக்டோரியா. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்ற சொற்கள் கழுத்தில் பரவலானது அதன் பிறகுதான்.

'சில்வர் ஸ்டீல்' என்ற எழுத்தும் ஒரு தடயம். மைக்கேல் ஃபாரடேயும் லண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் எஃகோடு ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்துப் பார்த்து, 1820-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய 'வூட்ஸ்' எஃகின் தரத்தில் ஸ்டோடார்ட்டுக்கு இருந்த மோகம்தான் அந்த ஆராய்ச்சிக்கு ஒரு தூண்டுகோல். தன் கலப்பு எஃகில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசளிப்பது ஃபாரடேயின் வழக்கம்.

ஆனால் முத்திரையில் இருப்பது முதலாளியின் பெயர். அலகை அடித்து உருவாக்கியவர் ஒருவர், சாணை பிடித்தவர் இன்னொருவர், பிடி பூட்டியவர் மூன்றாமவர். மூவர் பெயரும் எங்கும் இல்லை. இருப்பது வேலையின் சுவடு மட்டும். அலகின் பக்கவாட்டுக் குழிவைப் பார்த்தே சாணைச் சக்கரத்தின் அளவை ஊகிக்கலாம்: சக்கரம் சிறிதானால் குழிவு ஆழம். அந்தக் குழிவைத் தோண்டியவர்கள் மணற்கல் தூசியைச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, இளவயதில் செத்தார்கள்.

உடையவர்களின் சுவடு

வாங்கியவர் விட்டுச்சென்றது வேறு விதம். தீட்டும்போது கத்தியின் முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படும். அதனால் முதுகும் தேயும். முதுகு ஒரே சீராகத் தட்டையாகியிருந்தால் பழகிய கை. ஒரு முனை மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், அங்கே அழுத்தித் தேய்க்கும் பழக்கம் யாருக்கோ இருந்திருக்கிறது. அலகே ஒடுங்கிப்போயிருந்தால் எத்தனையோ வருட உழைப்பு.

பிடி இன்னும் அந்தரங்கமானது. கொம்பிலோ எலும்பிலோ செய்த பிடியில் ஆணிமுனையால் கோணல்மாணலாகக் கீறிய இரண்டு எழுத்துகள் இருக்கும். யாருடைய பெயரின் முதலெழுத்துகளோ. உடைந்த பிடியைத் தகடு வைத்துப் பித்தளை ஆணியால் ஒட்டுப்போட்டிருப்பார்கள். வேறொன்று வாங்க வசதியில்லாதவராக இருக்கலாம், இதை விட மனமில்லாதவராகவும் இருக்கலாம். வசதி படைத்தவர்களுக்கு ஏழு நாளுக்கு ஏழு கத்தி கொண்ட பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமையின் பெயர். இன்று 'வியாழன்' மட்டும் தனியாகக் கடைக்கு வரும்.

செல்லுலாய்டு பிடி பூண்ட கத்தியில் துருவே சாட்சி. அந்தப் பொருள் கெடும்போது கசியும் அமிலம் அலகை அரிக்கும். மடக்கிவைத்த நிலையில் பிடியின் நிழல்போலத் துரு படிந்திருந்தால், அந்தக் கத்தி யாரும் திறக்காமல் நெடுங்காலம் கிடந்திருக்கிறது என்று பொருள்.

பழைய கத்தியை வாங்கும் சிலர் மெருகுச் சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடிபோல் ஆக்கிவிடுகிறார்கள். முத்திரை மழுங்குகிறது, சாணை வரிகள் அழிகின்றன, பிடியின் கீறலும் போகிறது. நல்ல கைகளோ துருவை மட்டும் எடுக்கும், விளிம்பைத் தீட்டும், தோல் வாரில் இழுக்கும். கத்தி மறுபடி மழிக்கும். பிடியில் அந்த இரண்டு எழுத்தும் அப்படியே இருக்கும்.