எட்டுக் கட்டைகளும் ஒரு வெற்றிடமும்: கணினி விளையாட்டு செய்யப் பழகுதல்

பிள்ளைகள் எந்நேரமும் கணினி விளையாட்டிலேயே கிடக்கிறார்கள் என்பது எமது வீடுகளில் பழகிப்போன முறைப்பாடு. அந்த விளையாட்டுகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று கேட்டால் எம்மில் பலரிடம் பதில் இருக்காது. ஊரில் வர்த்தகமும் கணக்கீடும் படித்துவிட்டு, வந்த நாட்டில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் எமது தலைமுறை, இது எமக்குரிய துறையல்ல என்று ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால் பேரேடு எழுதத் தெரிந்தவர்களிடம், ஒரு சின்ன விளையாட்டைச் செய்து முடிப்பதற்கு வேண்டிய யோசனையில் பாதி ஏற்கனவே இருக்கிறது.

தொடங்குவதற்கு ஏற்றது நகரும் கட்டைப் புதிர். மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டங்கள். அவற்றில் 1 முதல் 8 வரை இலக்கமிட்ட கட்டைகள். ஒரு கட்டம் வெற்றிடம். வெற்றிடத்தை ஒட்டிய கட்டையை அதற்குள் நகர்த்தலாம், வேறெதுவும் செய்ய முடியாது. இலக்கங்கள் ஒழுங்கானால் வெற்றி. செலவும் இல்லை: ஓர் இணைய உலாவி, நோட்பாட் போன்ற எழுது செயலி, யாவாஸ்கிரிப்ட் மொழியின் அடிப்படை ஆகியவை போதும். எடுத்த எடுப்பில் காரோட்டமும் துப்பாக்கிச் சண்டையும் செய்யப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பழகுபவருக்கு, முடித்துக் கையில் கொடுக்கக்கூடிய ஒன்று வேண்டும்.

முதலில் கணினிக்குப் பலகை என்று ஒன்று இல்லை. அதனிடம் இருப்பது ஒன்பது எண்கள் கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே, வெற்றிடத்துக்கு 0. திரையில் தெரியும் சதுரங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து வரையப்படுபவை. பேரேட்டுக்கும் ஐந்தொகைக்கும் உள்ள உறவுதான் இது. ஐந்தொகையில் ஒரு தொகை பிழையென்றால் அதை அங்கேயே அழித்துத் திருத்துவதில்லை. பேரேட்டில் திருத்திவிட்டு ஐந்தொகையை மீண்டும் தயாரிக்கிறோம். அதேபோல், கட்டை நகரும்போது பட்டியலை மாற்றிவிட்டுப் படத்தை மீண்டும் வரைய வேண்டும். படத்தில் ஒரு கணக்கு, பட்டியலில் ஒரு கணக்கு என்று இரண்டு வைத்தால் ஒரு நாள் இரண்டும் முரண்படும்.

இடங்களைக் கணினி 0 முதல் 8 வரை எண்ணும். இட எண்ணை 3ஆல் வகுத்தால் ஈவு நிரையைச் சொல்லும், மீதி நிரலைச் சொல்லும். இந்தச் சிறு கணக்கு அவசியம். இடம் 2 மேல் நிரையின் கடைசி. இடம் 3 அடுத்த நிரையின் முதல். பட்டியலில் இவை அயலவர். பலகையிலோ ஒன்று வலது ஓரம், மற்றது இடது ஓரம். நிரையையும் நிரலையும் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் கட்டை ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் பாயும்.

சொடுக்கினால் நகர்த்துவது, நகர்வுகளை எண்ணுவது, வெற்றியை அறிவிப்பது எல்லாம் சில வரிகளில் அடங்கிவிடும். சிக்கல் இருப்பது கலைப்பதில்.

ஒன்பது கட்டங்களை 3,62,880 விதமாக அடுக்கலாம். அதில் சரிபாதி, அதாவது 1,81,440 அடுக்குகளை மட்டுமே தீர்க்க முடியும். மற்றப் பாதியை எவ்வளவு நகர்த்தினாலும் தீர்க்க முடியாது. ஆகவே கட்டைகளைக் கண்டபடி கலைத்துக் கொடுக்கும் செய்நிரல், இரண்டு தடவைக்கு ஒரு தடவை என்ற கணக்கில், தீராத பலகையைப் பிள்ளையிடம் நீட்டும். பிள்ளை ஒரு மணித்தியாலம் முயன்றுவிட்டு, தனக்கு மூளை போதாது என்று நினைத்துக்கொள்ளும். தொடக்கத்திலேயே முடியாது என்றாகிவிட்ட விண்ணப்பத்துக்காக ஆண்டுக்கணக்கில் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இதன் கசப்பு விளங்கும்.

இந்த உண்மை பழையது. 15 கட்டைகள் கொண்ட நான்குக்கு நான்கு புதிர் 1880இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பைத்தியம்போலப் பரவியது. இதைக் கண்டுபிடித்தவர் நோயஸ் சாப்மன் என்ற நியூயோர்க் மாநிலத் தபாலதிபர். ஆனால் சாம் லொயிட் என்ற புதிர்க்காரர் பின்னாளில் அது தன்னுடையது என்று உரிமை கொண்டாடினார். 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்து, தீர்ப்பவருக்கு 1000 டொலர் என்றும் அறிவித்தார். பணத்துக்கு ஆபத்தில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த அடுக்கு தீராது என்பதை ஜோன்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணித இதழிலேயே நிறுவியிருந்தார்கள்.

காரணத்தைக் கணக்காளர் மொழியில் சொல்லலாம். வெற்றிடத்தை விட்டுவிட்டுக் கட்டைகளை வரிசையாக எழுதுங்கள். பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் சோடிகள் எத்தனை என்று எண்ணுங்கள். 1 2 3 4 5 6 8 7 என்றால் ஒரேயொரு சோடி. கட்டையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் வரிசை மாறாது. மேலோ கீழோ நகர்த்தினால் அது இரண்டு கட்டைகளைத் தாண்டும். சோடிகளின் எண்ணிக்கை இரண்டால் கூடும், இரண்டால் குறையும், அல்லது அப்படியே இருக்கும். ஆகவே இரட்டை இரட்டையாகவே இருக்கும், ஒற்றை ஒற்றையாகவே இருக்கும். தீர்ந்த பலகையில் எண்ணிக்கை 0, அது இரட்டை. ஒற்றையில் தொடங்கியது ஒருபோதும் அங்கே போய்ச் சேராது. இரட்டைப்பதிவும் இப்படித்தான். ஒவ்வொரு பதிவும் வரவையும் செலவையும் சம அளவில் மாற்றுகிறது. தொடக்கத்திலேயே சமனில்லாத பரீட்சை மீதியை, சரியான பதிவுகளை எத்தனை எழுதினாலும் சமப்படுத்த முடியாது.

பரிகாரம் எளிது. கலைத்த பின் சோடிகளை எண்ணச் சொல்லுங்கள். ஒற்றை வந்தால் ஏதாவது இரண்டு கட்டைகளை இடம் மாற்றுங்கள். எண்ணிக்கை இரட்டையாகிவிடும். தீர்ந்த பலகையில் தொடங்கி, முறைப்படி இருநூறு தடவை நகர்த்திக் கலைப்பதும் ஒரு வழி. நாங்கள் முதல் வழியையே விரும்புகிறோம். அதில் தீரக்கூடிய எல்லாப் பலகைகளுக்கும் சம வாய்ப்பு உண்டு. தணிக்கை செய்வதும் சுலபம். அப்படி வரும் எந்தப் பலகையையும் அதிகபட்சம் 31 நகர்வுகளில் தீர்த்துவிடலாம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

இனி இலக்கங்களை எடுத்துவிட்டு எழுத்துகளைப் போடலாம். மட்டக்களப்பு என்பதில் எட்டு எழுத்துகள், வல்வெட்டித்துறையிலும் எட்டு. பலகைக்கு அளவெடுத்ததுபோல இருக்கின்றன. ஆனால் யாவாஸ்கிரிப்டிடம் மட்டக்களப்பின் நீளத்தைக் கேட்டால் 12 என்று சொல்லும். புள்ளியையும் உகரக் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அப்படியே பிரித்தால் வெறும் புள்ளி மட்டும் உள்ள கட்டை வந்து நிற்கும். இன்டில் செக்மென்டர் என்ற வசதி அதே மொழியில் இருக்கிறது. அதைக் கொண்டு பிரித்தால் நாம் எண்ணுவதுபோல எட்டு வரும்.

பச்சிலைப்பள்ளியைப் போட்டுப் பாருங்கள். அதிலும் எட்டு எழுத்துகள், ஆனால் ‘ப’ இரண்டு தடவை வருகிறது. இரண்டு ‘ப’க்களையும் இடம் மாற்றினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒற்றை இரட்டையாகிவிடும். ஆகவே அந்த ஊர்ப் பலகையில் தீராத அடுக்கே கிடையாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வெற்றியைச் சோதிக்கும்போது செய்நிரல் எழுத்துகளை ஒப்பிட வேண்டும், உள்ளே வைத்திருக்கும் இலக்கங்களை அல்ல. இல்லாவிட்டால் பிள்ளை ஊரின் பெயரைச் சரியாகச் சேர்த்திருக்கும், கணினி பிழை என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

நான்குக்கு நான்கு பலகையில் கட்டை மேலோ கீழோ போகும்போது மூன்று கட்டைகளைத் தாண்டுகிறது. அதனால் சோடிகளின் எண்ணிக்கையோடு, வெற்றிடம் கீழிருந்து எத்தனையாவது நிரையில் இருக்கிறது என்பதையும் கூட்ட வேண்டும்; கூட்டுத்தொகை ஒற்றையாக வந்தால் தீரும். பதினைந்து எழுத்துக்கு இரண்டு ஊர்களைச் சேர்க்கலாம். மேல் இரண்டு நிரைகளில் மட்டக்களப்பு, கீழ் இரண்டில் ஏழு எழுத்துப் பருத்தித்துறையும் வெற்றிடமும். பருத்தித்துறையில் ‘த்’ இரண்டு இருப்பதால் இந்தப் பலகைக்குச் சோதனையே தேவையில்லை.