மண்ணின் பணியும் அழுத்தமுறைச் சுவறுநிலமும்

மனிதன் கழித்ததை மண் ஏற்றுச் சுத்திகரிக்கும் என்னும் உண்மை மிகப் பழையது. பாளையத்துக்குப் புறம்பே நிலத்தைத் தோண்டிக் கழிவை மூடிவிடல் வேண்டுமென இஸ்ரவேலருக்கு விதிக்கப்பட்ட கட்டளை உபாகமம் 23ஆம் அதிகாரத்தில் உள்ளது. அக்கட்டளையில் இரண்டு கருத்துகள் அடங்கியிருத்தல் காண்க. கழிவு மண்ணுக்குட் செல்லல் வேண்டும் என்பது ஒன்று. மக்கள் உறையும் இடத்துக்கு அது புறம்பாதல் வேண்டும் என்பது மற்றொன்று. இக்காலத்திலோ, நிலக்கீழ்ச் சாக்கடை இல்லாத ஊர்களில் ஒரே வளவினுள் கிணறும் மலக்குழியும் அமைகின்றன. ஆதலின், மண்ணின் பணி எவ்வாறு நடைபெறுகின்றது, அதற்கு நாம் எவ்வாறு இடங்கொடுத்தல் வேண்டும் என்பவற்றை அறிதல் வீடு கட்டுவோர் யாவர்க்கும் கடமையாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில், நகரச் சாக்கடைக்கு எட்டாத வீடுகளிற் பலவற்றிற் கையாளப்படும் அழுத்தமுறைச் சுவறுநிலத்தை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவாம். சுவறுநிலம் என்பது கழிவுநீர் சுவறிச் செல்லும்படி ஒதுக்கி அமைக்கப்பட்ட நிலப்பகுதி.

வீட்டுக் கழிவுநீர் முதலிற் சேருமிடம் செப்டிக் தாங்கி. பிரான்சு தேசத்து வெசூல் நகரில் மூரா என்பவர் 1860ஆம் ஆண்டளவில் அமைத்து, 1881இல் உரிமைப்பத்திரம் பெற்ற மூடிய தொட்டியே இதற்கு முன்னோடி. 1895இல் இங்கிலாந்தின் எக்ஸீட்டர் நகரில் டொனால்ட் கமரன் என்பவர் அத்தகைய தொட்டியொன்றைக் கட்டி இப்பெயரை அதற்கு வழங்கினார். தாங்கியினுட் கனமான பொருள் அடியிற் சேறாய்ப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாய் மிதக்கும். காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் படிந்த சேற்றின் ஒரு பகுதியைக் கரைத்துவிடும். நடுவில் நிற்கும் நீரே வெளியேறுவது. அந்நீர் ஓரளவு தெளிந்திருத்தலால் அது சுத்தமானதென எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் தவறு. நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அந்நீருடன் வெளியேறுகின்றன. தாங்கி செய்வது பிரித்தல். சுத்திகரித்தல் மண்ணின் தொழில்.

மண் இத்தொழிலை எங்ஙனம் செய்கின்றது? நீர் நிறையாத மண்ணில் மணிகளுக்கிடையே காற்று நிற்கும். அதன்வழி நீர் மெல்லிய படலமாய் மணிகளைத் தழுவி இறங்குகையில், கிருமிகள் வடிகட்டப்பட்டும் மண்ணில் ஒட்டியும் தங்குகின்றன. காற்றை வேண்டி வாழும் மண்ணுயிர்கள் அவற்றையும் ஏனைய அசுத்தங்களையும் உண்டு அழிக்கின்றன. இதற்குக் காற்று வேண்டும். கால அவகாசமும் வேண்டும். மண் முழுவதும் நீரால் நிரம்பின் காற்று அகன்றுபோம். நீரும் பெருந்துளைகள் வழியே விரைந்து ஓடிவிடும். அப்பொழுது மண் வெறும் வழியாகுமேயன்றிச் சுத்திகரிக்கும் கருவியாகாது.

சாதாரணச் சுவறுநிலத்தில் தாங்கி நீர் தன் எடையாலேயே, 4 அங்குலத் துளைக்குழாய்கள் வழியே அகழிகளுட் பாய்கின்றது. பார்வைக்கு எளிய முறைதான். ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. வீட்டில் ஒருவர் குளித்தவுடன் சிறிது நீர் வரும். துணி துவைத்தவுடன் மேலும் சிறிது வரும். வரும் நீர் முழுவதும் குழாயின் முதற்றுளைகளிலோ தாழ்ந்த இடத்திலோ இறங்கிவிடும். அவ்விடத்து மண் ஓயாது நனைந்து, கருநிறப் பாசிபோன்ற நுண்ணுயிர்ப் படலம் ஒன்று தடித்து அடைபடும். பின்னர் நீர் அடுத்த பகுதிக்குச் செல்லும். அதுவும் நாளடைவில் அடைபடும். இங்ஙனம் சுவறுநிலத்தின் ஒரு பகுதி அளவுக்கு மேல் உழைத்திருக்க, ஏனைய பகுதி உலர்ந்து வாளா கிடக்கும்.

இக்குறையை நீக்கவே அழுத்தமுறை தோன்றிற்று. இங்கே அழுத்தம் என்பது நீரை நிலத்துக்குள் வலிந்து புகுத்துவதன்று. எல்லாத் துளைகளிலும் ஒரே அளவு நீர் வெளிவரச் செய்தலும், ஒருமுறை நனைந்த மண் மறுமுறை நனையுமுன் இளைப்பாற விடுதலுமே அதன் நோக்கம். செப்டிக் தாங்கிக்கு அடுத்து இரண்டாவது தாங்கியொன்று அமைத்து, அதனுள் நீரிறைக்கும் பம்பியை வைப்பர். நீர்மட்டத்தை உணரும் மிதவைகளும், பம்பி இயங்கும் நேரத்தை வகுக்கும் கடிகாரக் கருவியும், நீர் அளவு கடந்து உயரின் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் அதனோடு இணைந்திருக்கும். பம்பி அனுப்பும் நீர் ஒரு தலைக்குழாய் வழியாகச் சென்று, சிறு துளைகளையுடைய கிளைக்குழாய்களிற் பகிரப்படும்.

இதனை நிலத்தில் அமைக்கும் முறையை நோக்குவாம். முதற்கண் மண்ணை ஆராய்தல் வேண்டும். பல இடங்களிற் குழி தோண்டி, மண் மணலா களியா, பாறை எத்தனை அடியில் உளது, மாரிகாலத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பவற்றை அறிதல் அவசியம். அகழியின் அடிக்கும் பாறை அல்லது நீர்மட்டத்துக்கும் இடையே 2 முதல் 3 அடி வரை நீர் நிறையாத மண் இருத்தல் வேண்டுமென்பது பொதுவான விதி. இடந்தெரிந்தபின் அதனைக் கயிறு கட்டி ஒதுக்குதல் நன்று. பார வண்டிகள் அதன்மேல் ஏறி மண்ணை இறுகச் செய்யின் பின்னர்ச் செய்வதெல்லாம் வீண். ஈரமான நாளில் அகழி வெட்டலாகாது. வெட்டின் களி மெழுகியதுபோலாகி மண்ணின் துளைகள் மூடிக்கொள்ளும். அகழிகள் நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே, அடிமட்டம் சமமாக அமைதல் வேண்டும். கழுவிய சரளைக்கல்லைப் பரப்பி, அதன்மேற் கிளைக்குழாய்களை வைத்து, மீண்டும் சரளையிட்டு, மண் இறங்காதபடி துணிவிரிப்பு விரித்து மூடுவர்.

ஓர் உதாரணத்தாற் கணக்கைக் காட்டுவாம். வாஷிங்டன் மாகாண விதியின்படி, படுக்கையறை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 120 கலன் கழிவுநீர் எனக் கொள்வர். அமெரிக்கக் கலன் ஒன்று ஏறக்குறைய 3.8 லீட்டர். மூன்று படுக்கையறையுள்ள வீட்டுக்கு 360 கலன். மணற்பாங்கான நிலத்திற் சதுர அடிக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் விடலாமெனக் கொள்ளின், 360 சதுர அடி வேண்டும். அதாவது 3 அடி அகலமும் 40 அடி நீளமுமுள்ள மூன்று அகழிகள். அகழிக்கு ஒன்றாக ஒன்றேகால் அங்குலக் குழாய் வைத்து, 4 அடிக்கு ஒன்றாகக் கால் அங்குலத் துளையிடின் மொத்தம் 30 துளைகள். துளையில் நீரழுத்தம் இரண்டரை அடி உயரத்துக்கு ஈடாயின், துளை ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.17 கலன் நீர் தரும். முப்பதும் சேர்ந்து 35 கலன். 360 கலனை ஆறாகப் பங்கிட்டு நான்கு மணிக்கு ஒருமுறை 60 கலன் அனுப்பின், பம்பி ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இயங்கினாற் போதும். எஞ்சிய நேரமெல்லாம் மண் காற்றை உட்கொண்டு தன் தொழிலைச் செய்யும்.

மூடுமுன் செய்யும் சோதனை ஒன்று உண்டு. துளைகள் மேனோக்கி நிற்கும்படி வைத்துப் பம்பியை இயக்குவர். ஒவ்வொரு துளையிலிருந்தும் நீர் ஒரே உயரத்துக்குப் பீறிட்டெழுதல் வேண்டும். தாழ்ந்த அகழியில் அழுத்தம் மிகுந்து நீர் கூடுதலாகப் பாயுமாதலின், சரிவான நிலத்திற் குழாய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால்வு வைத்துச் சமப்படுத்துவர். இச்சோதனையின்றி மூடப்பட்ட சுவறுநிலத்தில் அழுத்தமுறையின் பயன் கிட்டியதோ இல்லையோ என்பதை எவரும் அறியார்.

மண் ஆழமில்லாத இடத்தில் யாது செய்வது? வடடக்கோட்டா மாகாணத்தில் 1947இல் தோன்றி, 1970களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் திருத்திய மேட்டுமுறை இதற்கு விடையாகும். இயற்கை மண்ணின்மேல் தேர்ந்த மணலை மேடாகக் குவித்து, அம்மேட்டினுள்ளே அழுத்தக் குழாய்களை வைத்து, மேலே மண்ணிட்டுப் புல் வளர்ப்பர். நிலத்தில் இல்லாத ஆழத்தை மணல் ஈடுசெய்கின்றது.

இவ்வளவு கவலை எதற்கென வினவுவார்க்கு, அவ்விஸ்கான்சின் மாகாணத்து டோர் கோட்டத்தில் நிகழ்ந்ததைக் கூறுவாம். வெடிப்புகள் நிறைந்த சுண்ணப்பாறை இனத்தின்மேல் மெல்லிய மண் போர்த்த நிலம் அது. 2007இல் அங்கே புதிதாகத் திறந்த உணவுச்சாலை ஒன்றில் உண்டோரும் பணிபுரிந்தோருமாக 229 பேர் நோரோ வைரசினால் வாந்திபேதியுற்றனர். கிணறு 85 மீற்றர் ஆழமுடையது; சுவறுநிலத்துக்கு 188 மீற்றர் அப்பால் உள்ளது. கிணறும் கழிவுநீர் அமைப்பும் விதிக்கு அமைந்தனவே. ஆயினும் சாயமிட்டுச் சோதித்தபோது, தாங்கியின் பொருத்தொன்றிற் கசிந்த நீர் ஆறு நாளிலும், சுவறுநிலத்து நீர் பதினைந்து நாளிலும் கிணற்றை அடைந்தன. பாறை வெடிப்பு நீரைச் சுத்திகரிப்பதில்லை, கடத்திவிடுகின்றது. ஆழ்கிணறு காவலென்னும் நம்பிக்கை அங்கே பொய்த்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இது தூரதேசத்துச் செய்தியன்று. நமது நிலமும் சுண்ணக்கல்லின்மேற் படிந்த மண்ணே. பல இடங்களில் அம்மண் மிக மெல்லியது. நமக்கு வற்றாத ஆறில்லை, குடிநீருக்குக் கிணறுகளையே பெரிதும் நம்பி வாழ்ந்துள்ளோம். கல்லை உடைத்து ஆழத்தில் மலக்குழி அமைப்போர், மண்ணின் பணியை முற்றாக விலக்கிக் கழிவைக் கிணற்றுநீரோடு சேர்ப்பவராவர். ஆழத் தோண்டுவது நன்றெனும் வழக்கம் இங்கே தீங்காய் முடிகின்றது. கழிவுநீர் மேல்மண்ணிற் சிறிது சிறிதாய்ப் பரந்து சுவறுவதே நலம்.

அழுத்தமுறையாலும் தீராத குறை ஒன்று உண்டு. காற்றுள்ள மண் கழிவுநீரின் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்; அந்நைட்ரேட் நீரோடு இறங்கிவிடும். பயிருக்கிடும் உரமும் அதனைப் பெருக்குகின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில், உலகச் சுகாதார ஸ்தாபனம் வகுத்த லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை நைட்ரேட் கடந்திருத்தல் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. அத்தகைய நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்படும் சிசுவின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். எனவே, சுவறுநிலம் எத்துணைச் சிறந்ததாயினும் கிணற்றுக்கும் அதற்கும் இடையே தூரம் வேண்டும்; சிறு வளவுகள் நெருங்கிய இடத்தில் தனி வீட்டு முயற்சி போதாது, ஊர்ப்பொது ஏற்பாடு வேண்டும்.

நிறுவியபின்னும் கருத்து வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாங்கியின் சேற்றை அகற்றுதல், கிளைக்குழாய்களின் முனையைத் திறந்து கழுவுதல், எச்சரிக்கை மணி ஒலிக்கின் நீர்ச்செலவைக் குறைத்துக் காரணம் தேடுதல், சுவறுநிலத்தின்மேல் வண்டி நிறுத்தாமலும் மரம் நடாமலும் இருத்தல் ஆகியன இன்றியமையாதன. மின்சாரம் நின்றுபோயின் பம்பி நிற்கும். ஆதலால் இரண்டாம் தாங்கியில் ஒருநாளைய நீரையேனும் தாங்கும் இடம் விடுதல் அறிவுடைமை.

வீடு கட்டுவோர் வாசலின் அழகையும் மாடியின் உயரத்தையும் பலகால் எண்ணிப் பார்க்கின்றனர். கழிவுநீர் எங்கே செல்கின்றதென்பதை எண்ணுவோர் சிலரே. நம் வளவில் நாம் விடும் நீரை அயலார் தம் கிணற்றில் அள்ளுகின்றனர். அவர் விடுவதை நாம் அள்ளுகின்றோம். அயலானை நேசித்தல் என்னும் அறத்துக்கு, வேலிக்குக் கீழே செல்லும் இந்நீரும் உட்பட்டதேயாம்.